சாட்சிக்குக் கூப்பிடுமுன்

விழுங்கக் கூடாது, விழுங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பாக்கியசீலி எச்சிலை விழுங்கிவிட்டாள். இருந்தது. அதே இடத்தில்தான், கழுத்துக் குழிக்குச் சற்று மேலே, வாயில் போட்ட புளியங்கொட்டை கீழேயும் இறங்காமல் மேலேயும் வராமல் நின்றுகொண்ட மாதிரி. கொஞ்சம் சிறுத்திருக்குமோ என்று இன்னொரு தடவை விழுங்கிப் பார்த்தாள். வாய் காய்ந்து கிடந்தது, விழுங்க ஒன்றுமில்லை, வெறும் தொண்டைதான் ஏறி இறங்கியது, அது மட்டும் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. ஜெபக்கூடத்துத் தகரக் கூரையின்மேல் ஆடிக் காற்று மண்ணை அள்ளி அள்ளி இறைத்தது. வள்ளியூர்ப் பக்கம் இந்த மாதங்களில் கதவைச் சாத்தினாலும் சோற்றில் மணல் கடிபடும். ஆண்கள் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி, பெண்கள் பக்கம் பாய். பாயில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மகள் ஜெனிட்டா. பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. பாஸ்டர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாட்சி நேரம். ஆண்டவர் செஞ்ச நன்மையைச் சொல்ல வெக்கப்படாதீங்க. ஆனா சுருக்கமா சொல்லுங்க, போன வாரம் மாதிரி பிள்ளை பிறந்ததிலேர்ந்து ஆரம்பிக்காதீங்க" என்றார். சபை சிரித்தது. பாக்கியசீலியும் சிரித்தாள், சிரிப்பு அந்த இடத்தில் வந்து இடித்துக்கொண்டு நின்றது. புதன்கிழமை வீட்டு ஜெபத்திலேயே பாஸ்டரம்மா சொல்லிவிட்டாள், இந்த ஞாயிறு உங்க சாட்சிதாம்மா, தொண்டைக்கட்டு கரைஞ்சுபோனதைச் சபை முழுக்கக் கேக்கணும் என்று. கரைந்துபோகவில்லை என்பது இந்தக் கூடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று பாக்கியசீலி. இன்னொருவர் ஆண்டவர்.

முதலில் அன்பையா எழுந்து போனார், காணாமல்போன பைக் கிடைத்த சாட்சி. களக்காட்டில் ஒரு டீக்கடை வாசலில் நின்றதாம், சாவியோடு. "பெட்ரோல்கூடக் குறையலைங்க" என்றபோது அல்லேலூயா பலமாக வந்தது. பெட்ரோல்கூடக் குறையவில்லை. குறையலைன்னா வாங்க என்று டாக்டர் சொன்னதும் கூடவே ஓடிவந்தது. குறையலைன்னா வாங்கம்மா. நாளைக்குத்தான் வரச் சொன்ன நாள். திருநெல்வேலியில் காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டர், சின்ன வயது, மகன் சாமுவை விட இளையவராகத்தான் இருப்பார், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாக்கை நீட்டச் சொன்னார், மூக்குக்குள் வெளிச்சம் அடித்தார், கழுத்தை இரண்டு பக்கமும் தடவித் தடவிப் பார்த்தார். தடவும்போது அவள் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எந்த இடத்தில் அந்த முகம் மாறும் என்று. மாறவில்லை. "சாப்பிடும்போது அடைக்குதா, சும்மா இருக்கும்போது அடைக்குதா?" சும்மா இருக்கும்போதுதான் டாக்டர். "அது நல்லது. காலையில தும்மல் உண்டா?" அதற்கு ஜெனிட்டா முந்திக்கொண்டாள், "உண்டாவா? எங்க வீட்டுல யாரும் அலாரமே வைக்கிறதில்ல சார், அம்மா தும்மினா எந்திரிப்போம்." டாக்டர் சிரித்தார். மூக்குக்குள்ளே சவ்வு வீங்கியிருக்கிறது, சளி முன்பக்கம் வராமல் பின்பக்கமாகத் தொண்டையில் வடிகிறது, வடிய வடியத் தொண்டை புண்பட்டு, ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி தோன்றும், செருமச் செருமக் கூடும், இது அலர்ஜியால் இருக்கலாம், உங்கள் பக்கம் காற்றடிக்கிற காலத்தில் தூசிக்கு நிறையப் பேருக்கு வருகிறதுதான் என்றார். பயப்படும்படி இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, மாத்திரையும் மூக்கில் அடிக்கிற மருந்தும் ஒரு மாதம் பாருங்கள், குறையாவிட்டால், இல்லை சாப்பாடு இறங்கச் சிரமமாக இருந்தால், குரல் கம்மினால், கட்டாயம் வாருங்கள், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு உள்ளே பார்த்துவிடலாம் என்றார். எல்லாம் பொறுமையாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அலர்ஜி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தபோது ஜெனிட்டா கையெடுத்துக் கும்பிட்டாள், பாக்கியசீலிக்கு உள்ளங்கால் சில்லிட்டது. ஏனென்றால் அக்காவிடமும் ஒரு டாக்டர் அதையேதான் சொன்னார். ஏறக்குறைய அதே மாதிரி, அதே பொறுமையோடு.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்றே ஜெனிட்டா கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். "அலர்ஜிதாம்லே, ஒண்ணும் இல்லியாம், அலர்ஜிதான்" என்று தம்பி சாமுவிடம் சொல்லும்போது அழுதாள். இத்தனை நாள் இந்தப் பிள்ளை மனசுக்குள் என்ன வைத்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. பெரியம்மாவைப் பார்த்த பிள்ளைதானே அவளும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, காற்று படும் என்று கண்ணாடியை இழுத்துச் சாத்தி, தூசி அலர்ஜி, இனிமே ஒட்டடை நீ அடிக்கப்பிடாது, கோயில் பாயை நீ உதறப்பிடாது, தலகாணி உறை நானே துவைக்கேன் என்று நாங்குநேரி வரை பேசிக்கொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷத்தை இந்தப் பிள்ளை முகத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவந்தது. வீட்டு ஜெபத்தில் கண்மூடினால் அப்படியே அசந்துபோனாள், தலை ஆடியது, பக்கத்தில் இருந்தவர்கள் ஆவியின் அபிஷேகம் இறங்குகிறது என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினார்கள், அந்தச் சத்தத்தில்தான் விழித்தாள். ஆனால் மருந்துக்குக் கேட்டது. உண்மையாகவே கேட்டது. தும்மல் நின்றது, மூக்கு விட்டது, ஒருநாள் காலையில் தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டே விழுங்கினால் ஒன்றுமே இல்லை, வழுவழுவென்று இறங்கியது, அவள் கரண்டியோடு நின்று இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று விழுங்கி விழுங்கிப் பார்த்ததில் தோசை கருகிப்போனது. அப்பா, தகப்பனே, ஸ்தோத்திரம். அந்த வாரம் பாஸ்டரம்மா "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டபோது "பரவாயில்லம்மா" என்றுதான் சொன்னாள். பரவாயில்லை என்று மட்டும்தான் சொன்னாள். பாஸ்டரம்மா அல்லேலூயா என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டாள், சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் எழும்பிவிட்டார்கள், அவர்களில் ராஜகனி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள், யாருக்கோ கண்ணீர். அதற்குள்ளே போய், இல்லம்மா, பரவாயில்லைன்னுதான் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? பிறகு ஒருநாள் வாசல் தெளிக்கும்போது அது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. வந்ததா, போகவே இல்லையா. மாத்திரை ஒன்றுவிடாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மைக்கில் இப்போது ரோஸ்லின், கலியாணமாகிக் கொஞ்ச நாள்தான், வீடு வாடகைக்குக் கிடைத்த சாட்சி, கிணற்றுத் தண்ணீர்கூட உப்பில்லையாம். அதே மைக். ஒயரை மாற்றியிருக்கலாம், ஆனால் அதே இடம், சிலுவைக்கு இடப்பக்கம், கீபோர்டுக்கு முன்னால். அங்கேதான் அக்கா கனகசீலி நின்றாள், வெள்ளைச் சேலையில் நீலக் கரை, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த தொண்டை அது, மைக் வேண்டாம் அவளுக்கு, தெருமுனை வரை கேட்கும். அவளுக்கும் இப்படித்தான் வந்தது, தொண்டையில் என்னமோ நிக்குட்டி பாக்கியம், துப்பினாலும் வரல முழுங்கினாலும் போகல என்று. அலர்ஜியாக இருக்கலாம் என்றார் டாக்டர், மாத்திரை, குறையாவிட்டால் வாங்க. சபை உபவாசம் இருந்து ஜெபித்தது. குறைந்தது. அக்கா எழுந்து போய்ச் சாட்சி சொன்னாள், சுகமானேன் என்று, அப்படியே முழுக்கச் சொன்னாள், ஒரு சொல் மிச்சம் வைக்காமல். சபை கைதட்டி ஓயவில்லை. அந்த வருஷம் கிறிஸ்மஸ் விருந்தில்தான் பாக்கியசீலி பார்த்தாள், எல்லாரும் பிரியாணி சாப்பிட அக்கா மட்டும் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து பிசைந்து கூழாக்கிக் கொண்டிருந்தாள். பல்வலி என்றாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்துக் கேட்டாள், "யக்கா, பழையபடி இருக்கா?" அக்கா சாம்பல் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, ஒரு மாதிரி களைப்பு. "சாட்சி சொல்லியாச்சுட்டி" என்றாள். அவ்வளவுதான். கேட்டதற்குப் பதிலா அது? பதில்தான். சாட்சி சொல்லியாச்சு, இனிமேல் இருக்கிறது என்று சொன்னால் ஆண்டவர் செய்ததைச் செய்யவில்லை என்று சொன்னதாகிவிடும், கைதட்டின ஜனத்தை ஏமாற்றினதாகிவிடும், பார்க்கிற பிற மதத்துக்காரர்கள் என்ன சொல்வார்கள், வாசல் வரை வந்திருக்கிற புது விசுவாசிகள் என்ன ஆவார்கள். இவ்வளவையும் அந்தத் தொண்டையில் வைத்துக்கொண்டு அக்கா கஞ்சியை விழுங்கினாள். குரல் போனபோது, பாடிப் பாடிக் கட்டிட்டு என்றாள். கழுத்தில் வெளியே தெரிந்தபோது முந்தானையால் மூடினாள். கடைசியில் கொண்டுபோனபோது அதே டாக்டர் கேட்டார், மாத்திரையில குறையலைன்னா வரச் சொன்னேனேம்மா, ஏன் வரலை என்று. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் யாரோ யாரிடமோ மெதுவாகச் சொன்னார்கள், நல்ல சாட்சி வச்சிருந்தா, ஆனா விசுவாசத்தைக் கடைசி வரைக்கும் பிடிச்சிக்கிடல. காதில் விழுந்தது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அந்தக் குரல் யாருடையது என்று தெரியாது, ஒவ்வொரு ஞாயிறும் ஆமென் சொல்லும்போது இவளாக இருக்குமோ, இவளாக இருக்குமோ என்று ஓடும்.

ஆண்டவரே, எனக்குக் கேக்கத் தெரியல, நீங்களே சொல்லுங்க. அவள் ஜெபம் எப்போதும் இப்படித்தான், படித்தவர்கள் மாதிரி அடுக்கிச் சொல்ல வராது, அடுப்படியில் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி பேசுவாள். இது வெறும் தூசிதானே? தூசின்னா தூசின்னு சொல்லிரும். டாக்டர் சொன்னது சரியாகத்தானே இருக்கிறது, சளி பின்பக்கம் வடிகிறது, காற்று அடிக்கிறது, நேற்று மூக்கில் மருந்து அடிக்க மறந்துபோயிற்று, அதனால்கூட இருக்கும். இருக்கும். முக்கால்வாசி அதுவாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் அந்த இட்லி. அதைத்தான் அவள் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். சட்னி தொட்டு விழுங்கியபோது ஒரு நொடி நின்றதா, நிற்கவில்லையா? நின்று போன மாதிரி இருந்தது. இல்லை, நிற்குமோ என்று பயந்ததில் அவளே நிறுத்திவிட்டாளோ. இட்லி மெதுவானது, நிற்க அதில் என்ன இருக்கிறது. அடுத்த வாயைத் தண்ணீர் குடித்து இறக்கினாள், இறங்கியது, அப்படியானால் முதல் வாய்? அதற்கப்புறம் சாப்பிடவில்லை, ஜெனிட்டா கேட்டதற்கு உபவாசம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. பல்வலி என்று அக்கா சொன்ன அதே வேகத்தில் அல்லவா வந்தது அந்தப் பொய். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி, யக்கா, தொக்கம் எடுத்துப் பாருங்க, பணகுடியில் ஒருத்தி வாயை வைத்து ஊதி உறிஞ்சி, எப்பவோ தின்னு தொண்டையில நின்ன கறித்துண்டைக் கையில எடுத்துக் காட்டுவா என்றாள். போகவில்லை, சபைக்குத் தெரிந்தால் வம்பு. ஆனால் ராத்திரியில் நினைத்துப் பார்த்ததுண்டு, யாராவது அப்படி எடுத்துக் கையில் காட்டிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், இதுதாம்மா, பார்த்துக்கிடுங்க, போயிட்டு என்று. எல்லாரும் அதைத்தானே கேட்கிறார்கள். எடுத்துக் கையில் காட்டு. நேற்று ஜெனிட்டாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், திங்கக்கிழமை டாக்டர் வரச் சொன்னாரே என்று. "அதான் சரியாயிட்டுல்லா, பின்ன எதுக்கு அம்புட்டுத் தூரம்? சாட்சி சொல்லிட்டு மறுநாளே ஆஸ்பத்திரியில போய் நின்னா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்றாள் மகள், துணியை மடித்துக்கொண்டே, சிரித்தமுகமாக. சொல்லியிருக்கலாம், அப்போதே. வாய் வரை வந்தது. அந்த இடத்தைத் தாண்டி வரவில்லை.

"பாக்கியசீலியம்மா" என்று பாஸ்டர் கூப்பிட்டார். ரோஸ்லின் எப்போது முடித்தாள் என்று தெரியவில்லை. ஜெனிட்டா கையைக் கொடுத்து எழுப்பிவிட்டாள், சேலைக் கொசுவத்தைக் குனிந்து சரிசெய்தாள், சின்ன வயதில் இவள் அவளுக்குப் பாவாடையைச் சரிசெய்த மாதிரி. பாய்களுக்கு நடுவே நடந்தபோது பெண்கள் முழங்காலை ஒடுக்கி வழிவிட்டார்கள், ஒருத்தி காலைத் தொட்டு ஸ்தோத்திரம்மா என்றாள். சொல்லிவிடலாம். சுகம் தந்த ஆண்டவருக்கு நன்றி என்று சொன்னால் தலைவலி போனதற்கும் அது பொருந்தும், தும்மல் நின்றதே, அது பொய்யில்லையே, தும்மலைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம், யாரும் தொண்டையைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. கேட்கமாட்டார்கள். அக்காவிடமும் யாரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை, அதுதான். மைக் கைக்கு வந்தது, முந்தினவள் பிடித்த சூடு அதில் இருந்தது. எல்லாருக்கும் ஸ்தோத்திரம் என்றாள். ஸ்தோத்திரம் என்றது சபை. அவள் குரல் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து பெரிதாக வந்து அவளையே இடித்தது. கம்மியிருக்கிறதா? கம்மின மாதிரி இருக்கிறதா? "எனக்குத் தொண்டையில ஒரு கட்டு மாதிரி இருந்துச்சு. நீங்க எல்லாரும் ஜெபிச்சீங்க. டாக்டரு அலர்ஜியா இருக்கலாம்னு சொன்னாரு. மாத்திரை போட்டேன், கொறைஞ்சுது." ஆமென், ஆமென். அல்லேலூயா. கீபோர்டு வாசிக்கிற பையன் விரலைக் கட்டையின்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டான், முடித்தவுடன் பாட்டெடுக்க. பாக்கியசீலி விழுங்கினாள். "பெறகு வந்துட்டு" என்றாள். "இப்பமும் இருக்கு."

ஆமென் சொல்ல வாயெடுத்த சிலர் பாதியில் நிறுத்தினார்கள். பாஸ்டரம்மா கிட்டே வந்து தோளைத் தொட்டாள், மைக்கில் விழாதபடி காதோரம், நல்ல மனசோடுதான், "விசுவாசத்தோட போயிட்டுன்னு சொல்லுங்கம்மா. சொன்னாப் போயிரும்" என்றாள். பாக்கியசீலிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இவளும் ராத்திரி பகலாய் எனக்காக முழங்காலில் நின்றவள்தானே என்று நினைத்தாள். "போகலம்மா" என்றாள், மைக்கை வாயிலிருந்து விலக்காமல், அதனால் அதுவும் எல்லாருக்கும் கேட்டது. "நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். கொழாய் விட்டுப் பாக்கச் சொல்லப்போறேன். அலர்ஜியாத்தான் இருக்கும். இல்லாட்டியும் எனக்குத் தெரியணும். எனக்காக ஜெபம் பண்ணிக்கிடுங்க." பாஸ்டரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். யாரும் கை தட்டவில்லை. பாயில் உட்கார்ந்தவுடன் ஜெனிட்டா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கும்படி. "எப்பலேர்ந்தும்மா?" என்றாள். பாக்கியசீலி சொன்னாள். "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" அதற்குச் சொல்ல இருந்தது ஒன்றுதான். "அன்னைக்கு நீ அம்புட்டுச் சந்தோஷப்பட்டுட்டட்டி." மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், பிடியை மட்டும் விடவில்லை. முன்னால் பாஸ்டர் தொண்டையைக் கனைத்து, சரி, ஆண்டவர் கைவிடமாட்டார் என்று பொதுவாக ஏதோ சொல்லி, ஜனத்தின்மேல் கண்ணை ஓட்டினார். "அடுத்து யாரு? சாட்சி சொல்ல இன்னும் நிறைய பேர் இருந்தீங்களே, எழும்பி வாங்க" என்றார். பெண்கள் பக்கம் ஒரு சேலை சரசரத்து அடங்கியது. ஆண்கள் பக்கம் யாரோ நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார்கள். அவர் மறுபடியும் கூப்பிட்டார். ஒருவரும் எழும்பவில்லை.